சல்லடைக்கு மேலே நின்றது

மனித இனம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பின் பல்லாயிரம் ஆண்டுகள் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒருவழியாகச் சிவப்புப் பொடியின் துகள் எத்தனை பெரிது என்று அளக்கும் எந்திரத்தைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டும் தற்செயலாக நடந்தவை. எந்தக் கோப்பிலும் அவற்றுக்கு ஆதாரம் கிடையாது. மூன்றாவதற்கோ டெண்டர் உண்டு, ஒப்பீட்டு அட்டவணை உண்டு, ஏழு பேரின் கையெழுத்து உண்டு. ஆகவே முறைப்படி நடந்த ஒரே கண்டுபிடிப்பு அதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

அந்தப் பெருமைக்குரிய எந்திரம் வந்து இறங்கிய இடம், வெந்நீர்ப் பை செய்யும் ஒரு ரப்பர் தொழிற்சாலை. முதுகு பிடித்துக்கொண்டவர்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டவர்கள், குளிரில் கால் விறைத்தவர்கள் எல்லோரும் கட்டி அணைத்துக்கொள்ளும் சிவப்புப் பை. அது ஏன் சிவப்பு என்று கேட்கக் கூடாது. வெள்ளைப் பையில் ஊற்றிய வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடும் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர்; அவர்களும் வாடிக்கையாளர்கள்தான். அவர்கள் மனம் கோணாமல் இருக்க ரப்பரோடு சிவப்பு நிறமி கலப்பார்கள். ஆலையில் அதற்குக் 'கலர் பவுடர்' என்று பெயர்.

கலர் பவுடர் மாவாக இருக்க வேண்டும். அதில் குருணை இருக்கக் கூடாது. காரணம் சின்னது. ரப்பர் மடங்கும், குருணை மடங்காது. பையைப் பத்து நாள் மடக்கி நீட்டினால், குருணை உட்கார்ந்திருக்கும் இடத்தில் ரப்பர் அலுத்துப்போய் ஊசிமுனை அளவுக்கு வழிவிட்டுவிடும். வெந்நீருக்கு அவ்வளவு வழி போதும்.

இந்தக் குருணையைப் பிடிக்கும் வேலையை இருபத்திரண்டு வருடமாகச் செய்துவந்தவர் ஆய்வுக்கூடத்தில் இருந்த சல்லடை அக்கா. மேலாளரிலிருந்து வாயிற்காவலர் வரை எல்லோருக்கும் அவர் சல்லடை அக்காதான். அவருடைய முறை மிகவும் பின்தங்கிய முறை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நூறு கிராம் பவுடரை நிறுத்து எடுப்பார். ஒரு ஜாடித் தண்ணீரில் நாலு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, பவுடரைப் போட்டுக் கலக்குவார். பித்தளை வளையம் போட்ட சல்லடையில் ஊற்றுவார். தலைமுடி நுழையவே திணறும் அளவுக்குச் சின்னக் கண் அந்தச் சல்லடைக்கு. குழாயை மெல்லத் திறந்து, கீழே வரும் தண்ணீர் தெளியும்வரை கழுவுவார். மேலே என்ன நிற்கிறதோ அதை உலர்த்தி எடை போடுவார். நூறு கிராமுக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நின்றால், மூட்டைகள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். இதில் அறிவியல் எங்கே இருக்கிறது? வரைபடம் இல்லை, விளக்கு எரியவில்லை, எதுவும் 'பீப்' என்று கத்தவில்லை. அக்காவின் கைகள் மட்டும் முழங்கைவரை சிவந்திருக்கும். பேருந்தில் அவர் பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார மாட்டார்கள். அது ஒன்றுதான் அந்த வேலையில் அவர் கண்ட சுகம்.

இந்த இருளைப் போக்கியவர் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. துல்லியத்தின் மேல் அவருக்கு இருந்த பக்தியால் ஆலையில் அவரைத் 'தசமம்' என்றுதான் அழைப்பார்கள், அவர் இல்லாதபோது. மதியம் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் "ஒன்று புள்ளி ஐந்து மணிக்கு" என்பார். எந்திரம் வேண்டும் என்று நான்கு வருடம் விடாமல் எழுதி எழுதி வாங்கியவர் அவரே.

எந்திரத்துக்குத் தனி அறை கட்டினார்கள். குளிர்சாதனம் வைத்தார்கள். திரை போட்டார்கள். 'காலணிகளை வெளியே விடவும், உரக்கப் பேச வேண்டாம்' என்று பலகை மாட்டினார்கள். பொருத்திக் கொடுக்க வந்த இன்ஜினியர் அக்காவுக்குச் செய்முறை சொல்லிக்கொடுத்தார். ஒரு கரண்டி பவுடரைப் போட்டால் ஒளி பாயும், இரண்டு நிமிடத்தில் கோடு வரையும், அவ்வளவுதான்.

"ஒரே ஒரு விஷயம் மட்டும் கவனமா இருக்கணும்மா. இந்த மாடலுக்குள்ள பெரிய துகள் போனா கண்ணாடி கீறிடும், பம்ப் அடைச்சுக்கும். அதனால போடறதுக்கு முன்னாடி சலிச்சுப் போடுங்க."

"எவ்ளோ பெருசு போகக் கூடாது சார்?"

"உங்க சல்லடையில எது நிக்குதோ, அது போகக் கூடாது."

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "எது நிக்குதுன்னு பாக்கத்தான சார் இத்தன வருஷமா சலிச்சேன்?"

"இனிமே நீங்க பாக்க வேணாம். மெஷின் பாத்துக்கும்."

"மெஷினுக்குத்தான் அது போகக் கூடாதுன்னு சொல்றீங்களே?"

இன்ஜினியர் தசமத்தைப் பார்த்தார். தசமம் கூரையைப் பார்த்தார். "பழைய ஆளு சார். புதுசுக்குப் பழக நாளாகும்" என்று தசமம் பெருந்தன்மையோடு அக்காவுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அக்கா வந்து இறங்கும் ஒவ்வொரு லாட் மூட்டைகளிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துச் சலித்தார். மேலே நின்றதைத் தட்டிவிட்டார். கீழே விழுந்ததை எந்திரத்துக்குக் கொடுத்தார். எந்திரம் கோடு போட்டது. 'பெரிய துகள்: இல்லை.' மறுநாளும் இல்லை. அடுத்த மாதமும் இல்லை. பதினொரு மாதங்களில் ஒன்றே ஒன்றுகூட அகப்படவில்லை. தூண்டிலில் முள்ளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் மீனே இல்லாத ஆறு என்பது நிரூபணமாகத்தானே செய்யும்.

தர வார விழாவில் தசமம் ஆற்றிய உரையில் பலருக்குக் கண் கலங்கியது. "சல்லடை இருந்த காலத்துல மாசம் மூணு லாட் திருப்பி அனுப்பிட்டு இருந்தோம். மெஷின் வந்ததுக்கப்புறம் ஒரு லாட்கூட இல்ல. ஏன்? மெஷின் இருக்குன்னு தெரிஞ்ச உடனே சப்ளையரே திருந்திட்டாரு!" கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. சப்ளையர் தரப்பிலும் எந்திரம் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்திருந்தது உண்மைதான். பவுடரை இரண்டாவது முறை அரைப்பதை அவர் நிறுத்தியிருந்தார்.

விழாவில் ஊழியர்களுக்கு ஆளுக்கு ஒரு வெந்நீர்ப் பை பரிசாகக் கொடுத்தார்கள். அக்கா அதை வீட்டுக்காரருக்குக் கொண்டுபோனார். அவர் இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர். பேருந்து ஓய்வு பெற்றுவிட்டது. அது கொடுத்த முதுகுவலி ஓய்வு பெறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பையைப் போட்டுக்கொண்டு படுத்தவர், அரை மணி நேரத்தில் துள்ளி எழுந்து உட்கார்ந்தார்.

"என்னங்க, படுக்கையெல்லாம் ஈரம்?"

"நான் இல்ல."

"உங்களன்னு நான் சொல்லவே இல்லியே."

"உன் பார்வை சொல்லுதே. பைடி! உங்க பை! முதுகு பூராச் சுட்டுடுச்சு."

அக்கா அவர் முதுகைப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கன்றியிருந்தது. களிம்பு தடவிவிட்டு, பையைக் கத்தரித்து, ஓட்டை இருந்த இடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஓட்டையின் விளிம்பில் குருணை ஒன்று உட்கார்ந்திருந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். தெருவில் பார்த்தால்கூட அடையாளம் தெரியும். அவருக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது.

திங்கட்கிழமை அந்தத் துண்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய்த் தசமத்தின் மேசையில் வைத்தார்.

தசமம் அதைத் தொடவில்லை. "இது நம்ம துகள் இல்ல மேடம்."

"நம்ம பையில இருந்து எடுத்தது சார்."

"இருக்கலாம். ஆனா நம்மகிட்ட பெரிய துகள் கிடையாது. பதினோரு மாச ரிப்போர்ட் இருக்கு."

"மெஷினுக்குப் போடறதுக்கு முன்னாடி பெருசையெல்லாம் நான்தான சார் சலிச்சு எடுத்துடறேன்?"

"அதத்தான் நானும் சொல்றேன். நீங்களே எடுத்துட்டீங்க. அப்புறம் எங்கிருந்து இருக்கும்?"

"நான் எடுத்தது கரண்டியில இருந்து சார். மூட்டையில இருந்து இல்ல. ரப்பரோட பிசைய மில்லுக்குப் போறது மூட்டை."

தசமம் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். இந்த விஷயம் அவருக்குள் இறங்கப் போகிறது என்று அக்கா ஒரு கணம் நம்பினார். கண்ணைத் திறந்த தசமம் மென்மையாகச் சொன்னார்: "மேடம், கரண்டிங்கறது மூட்டையோட பிரதிநிதி. பிரதிநிதி சுத்தமா இருந்தா போதும்."

இருந்தாலும் புகார்க் கடிதங்கள் வந்துகொண்டிருந்ததால் கூட்டம் கூட்டப்பட்டது. மேலாளர் தலைமை வகித்தார். தேநீர் வந்தது. பிஸ்கட் வந்தது. குறிப்பெடுக்க அக்காவை மூலையில் உட்காரவைத்தார்கள்.

"ஒழுகுதுன்னு எத்தன லெட்டர் வந்திருக்கு?" என்றார் மேலாளர்.

"நாப்பத்தி மூணு புள்ளி பூஜ்யம் சார்."

"லெட்டர்ல எதுக்குய்யா புள்ளி?"

"துல்லியத்துக்கு சார்."

இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பின் வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவுகள் எடுக்கப்பட்டன. இனி 'ஒழுகல்' என்ற சொல் எந்தக் கோப்பிலும் வராது. 'பயன்பாட்டு ஈரம்' என்றே குறிக்கப்படும். கூடவே, பைகளைச் சோதிக்க ஒரு மின்னணுக் கருவி வாங்கப்படும்.

அந்தக் கருவியும் வந்தது. தண்ணீர் பட்டால் அது கெட்டுப்போகும் என்று அதன் மேலேயே ஒட்டியிருந்தது. ஆகவே பையில் தண்ணீர் ஊற்றி, முதலில் கையால் அழுத்திப் பார்த்து, ஈரம் காட்டுகிற பைகளை ஓரமாக வைத்துவிட்டு, மற்றவற்றை மட்டும் கருவியில் வைத்தார்கள். எல்லாப் பைகளும் தேறின.

"ஓரமா வச்சத என்ன சார் பண்றது?" என்று அக்கா கேட்டார்.

"அதுங்க ஃபெயில் ஆகல மேடம். அதுங்கள டெஸ்ட்டே பண்ணல. டெஸ்ட் பண்ணாத ஒண்ண ஃபெயில்னு சொல்றது நியாயமா?"

நியாயத்தை முன்னிட்டு அவையும் அதே அட்டைப் பெட்டிகளில் ஏறின.

இப்படிச் சகலமும் சரியாக நடந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து ஆர்டர் வந்தது. பிரசவ வார்டுக்கு முன்னூறு பைகள். ஒரு நிபந்தனை: பைகளில் கலந்த நிறமியின் துகள் அளவுச் சான்றிதழ் கூடவே வர வேண்டும். அளந்தவரே அதில் கையெழுத்துப் போட வேண்டும். அளந்தவர் என்றால் அக்கா.

வழக்கமாகப் போடுகிற கையெழுத்துதான். ஆனால் 'பிரசவ வார்டு' என்ற இரண்டு சொற்களைப் படித்ததும் அக்கா ஆர்டர் தாளை மேசையில் வைத்துவிட்டார். வீட்டுக்காரர் துள்ளி எழுந்துவிட்டார். பிள்ளை பெற்று அசந்து தூங்குகிறவளால் துள்ளி எழ முடியுமா? அவள் பக்கத்தில் கிடக்கிற பச்சைப் பிள்ளைக்கு ஓடத்தான் தெரியுமா?

அந்த ஆர்டருக்கு எடுத்த லாட்டிலிருந்து நூறு கிராம் எடுத்து, மதிய உணவு நேரத்தில், யாருக்கும் சொல்லாமல், பழைய முறையில் கழுவினார். கடந்த ஒரு வருடமாக மேலே நிற்பதைப் பார்க்காமல் தட்டிவிட்டே பழகிய கை, அன்று தட்டாமல் நின்றது. உலர்த்தி எடை போட்டார். ஒன்று புள்ளி ஒன்பது கிராம். அனுமதியைவிடப் பத்தொன்பது மடங்கு. மறுபடி நூறு கிராம் எடுத்துக் கழுவினார். மறுபடியும் அதே.

எடை போட்டதைக் கையோடு எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனார். ரப்பரையும் பவுடரையும் இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிசைந்துகொண்டிருந்த மேஸ்திரி, சிவப்புத் தகடு ஒன்றைக் கிழித்து நீட்டினார்.

"நீங்க சொல்லவே வேணாம்க்கா. என் கட்ட விரலுக்கே நெறுநெறுன்னு தெரியுது."

"தெரிஞ்சா சொல்லலாமில்ல?"

"போன மாசம் சொன்னேனே. விரல் சரியா அளக்குதுன்னு கேலிபரேஷன் சர்ட்டிபிகேட் எங்கன்னு கேட்டாரு உங்க சாரு."

"என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? விரல மடக்கிக்கிட்டு வந்துட்டேன்."

முன்னூறு பைகளும் அச்சில் வெந்து, ஆறி, பெட்டிக்குள் போய்விட்டன. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வண்டி. மூன்று மணிக்குத் தசமம் அச்சிட்ட சான்றிதழை அக்காவின் முன்னால் வைத்தார். சராசரித் துகள் அளவு இருந்தது. 'பெரிய துகள்: இல்லை' இருந்தது. அடியில் 'குறிப்பு' என்று ஒரு வரி. இருபத்திரண்டு வருடமாக அந்த வரியில் 'ஒன்றுமில்லை' என்று எழுதுவதே மரபு.

"இதுல என்னால கையெழுத்துப் போட முடியாது சார். நான் கழுவிப் பாத்தேன். ஒண்ணு புள்ளி ஒம்போது நிக்குது."

"எந்தப் படிவத்துல?"

"படிவத்துல இல்ல சார். சல்லடையில."

"படிவத்துல இடம் இல்லாதது எப்படி மேடம் இருக்க முடியும்?" தசமத்தின் குரல் தாழ்ந்தது. "வீட்டுக்காரர் வேலைக்குப் போறதில்லன்னு கேள்விப்பட்டேன். முதுகு எப்படி இருக்கு அவருக்கு?"

மிரட்டல் என்று இதைச் சொல்ல முடியாது. ஊழியரின் குடும்ப நலனில் நிர்வாகம் காட்டிய அக்கறை அது. வேலை போனால் வீடு ஓடாது. கையெழுத்துப் போட்டால் தூக்கம் வராது. சான்றிதழையே பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். அளந்தவர் கையெழுத்து என்று இருந்தது. அளந்து பார்த்துவிட்டு, குருணை இல்லை என்று எப்படிச் சொல்வது? பேனாவை எடுத்துக் 'குறிப்பு' வரியில், பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதுவதுபோல் நிறுத்தி நிதானமாக எழுதினார்:

'மேலே அளந்திருப்பது சலித்த பொடியை. பையில் இருப்பது சலிக்காத பொடி. அதில் நூறு கிராமுக்கு 1.9 கிராம் குருணை நிற்கிறது. அனுமதி 0.1.'

கையெழுத்தைப் போட்டார். ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. நேராகத் தசமத்திடமே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் படித்துவிட்டுக் கிழித்துப்போடுவார், அப்புறம் நடப்பது நடக்கட்டும் என்றுதான் நினைத்தார்.

தசமம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளை மேலிருந்து கீழ்வரை ஆராய்ந்தார். அவருடைய விரல் குறிப்பு வரியில் நின்றது.

"ஒன்று புள்ளி ஒன்பது. பூஜ்யம் புள்ளி ஒன்று. புள்ளியெல்லாம் தெளிவா வச்சிருக்கீங்க. வெரி குட்." மேலொப்பம் இட்டார்.

மேலாளர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, "எங்க போடணும்?" என்று சைகையில் கேட்டார். விரல் காட்டிய இடத்தில் போட்டார். வட்ட முத்திரை விழுந்தது. வண்டி நான்கு மணிக்குச் சரியாகக் கிளம்பியது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்துத் தொலைபேசி அடித்தது. அக்காதான் எடுத்தார்.

"ஆஸ்பத்திரி ஸ்டோர்ல இருந்து பேசறேன். சர்ட்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டவங்க இருக்காங்களா?" பெண் குரல். சளி பிடித்த குரல், ஆனால் அவசரமில்லாத குரல்.

"நான்தாங்க."

"குறிப்புல ஏதோ எழுதியிருக்கீங்களே. நீங்க எழுதினதுதானா?"

"நீங்க... அதப் படிச்சீங்களா?"

"படிக்கத்தானங்க அனுப்பியிருக்கீங்க? எங்க வார்டுக்கு வர்றத நான் படிக்காம இறக்க மாட்டேன். அப்ப இந்தப் பை ஒழுகுமா?"

மேசையின் மேல் அன்றைய ரிப்போர்ட் கிடந்தது. பெரிய துகள்: இல்லை. அக்கா அதைத் திருப்பிப் போட்டார்.

"பத்து நாள் தாங்கும்ங்க. அப்புறம் ஒழுகும். எங்க வீட்டுக்காரருக்கு முதுகு வெந்துபோச்சு."

"சரிம்மா. வண்டி வாசல்ல நிக்குது. அப்படியே திருப்பிடறேன்." தொலைபேசியை வைக்கப் போனவர், மறுபடி பேசினார். "கையெழுத்து நல்லா இருக்கு. எல்லாரும் இப்படி எழுதினா எங்களுக்குக் கண் வலிக்காது."

தொலைபேசியை வைத்துவிட்டு அக்கா அழுதார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. ஒரு வருடமாகத் தட்டிவிட்டதை யாரோ ஒருத்தி இருந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டாள் என்பது மட்டும் புரிந்தது.

முன்னூறு பைகள் திரும்பி வந்ததும் ஆலை அதிர்ந்தது. அன்றே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பவுடரில் குருணை எப்படி வந்தது என்பதுபோன்ற அற்ப விஷயங்களில் குழு நேரத்தை வீணாக்கவில்லை. நேராக விஷயத்தின் மையத்துக்குப் போனது.

"இருபத்திரண்டு வருஷமா சர்ட்டிபிகேட் அனுப்பறோம்" என்றார் மேலாளர். "எவனாச்சும் ஒருத்தன் படிச்சிருக்கானா? திடீர்னு ஒரு பொம்பள எப்படிப் படிச்சா? அதச் சொல்லுங்க மொதல்ல."

"கையெழுத்து தெளிவா இருந்துச்சாம் சார்" என்றார் தசமம் தலைகுனிந்து.

"அதான் காரணம்! உங்க கையெழுத்துல எழுதியிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது!"

"சார், நீங்க ரெண்டு பேரும்கூட அதுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்று அக்கா நினைவூட்டினார்.

மேலாளர் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். குழு அந்த நினைவூட்டலைக் குறிப்பேட்டில் பதிவு செய்யவில்லை. பதிலாக, இனி எல்லா அதிகாரிகளும் எந்தத் தாளையும் முழுதாகப் படித்த பின்பே கையெழுத்திட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை தயாரானது. அது எல்லா அறைகளுக்கும் போய், எல்லோருடைய கையெழுத்தோடும் பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்தது. நான்கு பக்கச் சுற்றறிக்கை.

அக்காவுக்கு மெமோ வந்தது. மூன்று குற்றச்சாட்டுகள். அனுமதியின்றி, படிவத்தில் இடமில்லாத ஒன்றை அளந்தது. அதற்காக உணவு இடைவேளையில் நிறுவனத்தின் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தியது. சான்றிதழை அது படிக்கப்படும் வகையில் எழுதி, அதன் காரணமாக அது படிக்கப்பட்டதற்குக் காரணமாயிருந்தது. ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

அன்று சாயங்காலம் அக்கா மெமோவை வீட்டுக்காரர் முன்னால் வைத்தார். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

"மன்னிச்சுக்குங்கன்னு எழுதிடவா?" என்றார் அக்கா. "எனக்குப் பயமா இருக்குங்க. இந்த வயசுல என்னய யாரு வேலைக்கு வச்சுக்குவா?"

அவர் முதுகைச் சுவரில் சாய்க்கப் பார்த்து, வலித்ததும் நிமிர்ந்துகொண்டார்.

"பஸ்ஸு வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி டிப்போவுல ஒரு புக்கு இருக்கும். பிரேக் பிடிக்கலன்னு அதுல எழுதினவனுக்குத்தான் மெமோ வரும். எழுதாம ஓட்டறவன் நல்ல டிரைவர்."

"நீங்க எழுதியிருக்கீங்களா?"

"ரெண்டு தடவ."

"மெமோ வந்துச்சா?"

"ரெண்டு தடவையும் வந்துச்சு."

"பிரேக்கு?"

"ரெண்டு தடவையும் மாத்தினாங்க." அவர் மெமோவை மடித்து அக்காவின் கையில் கொடுத்தார். "நீ எழுதறத எழுது. முதுகு எனக்குத்தான் போச்சு, உனக்கு இல்ல."

அக்கா மறுநாள் ஒரே பக்கத்தில் விளக்கம் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தார். நிர்வாகம் அதை மிகுந்த கவனத்தோடு பரிசீலித்தது. உரிய ஓரம் விட்டிருக்கிறதா என்று எழுத்தர் பார்த்தார், விட்டிருந்தது. 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற சொல் முதல் வரியிலேயே இருப்பதைத் தசமம் பார்த்தார். அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது? 'விளக்கம் திருப்திகரம். ஊழியர் தவற்றை உணர்ந்துவிட்டார். பணியில் தொடரலாம். கோப்பை முடிக்கலாம்' என்று ஓரத்தில் எழுதி ஒப்பமிட்டார். மேலாளர் தொலைபேசியில் இருந்தார். விரல் காட்டிய இடத்தில் ஒப்பமிட்டார். வட்ட முத்திரை விழுந்தது. இரண்டு உயர் அதிகாரிகள் முறைப்படி ஏற்றுக்கொண்டு, நிறுவனத்தின் அதிகாரபூர்வ நிலைப்பாடாகிவிட்ட அந்த விளக்கம் முழுதாக இவ்வளவுதான்:

'ஐயா, மூன்று குற்றங்களையும் ஒப்புக்கொள்கிறேன். நான் அளந்தது உண்மை. இங்கே இதுவரை வேறு யாரும் அந்த வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை என்பதால், அது குற்றம் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.'